ஏழு எண்ணத் தெரிந்த பெட்டி

(கொக்குவிலில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மேசையில் இருக்கும் இந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு, வரும்போது ஒரு ஐயா கேட்டார்: "என்ன தம்பி, காசு எண்ணுற மெசினோ?" பாதி சரி, ஐயா. எண்ணுகிற மெசின்தான். எவ்வளவு தூரம் எண்ணும், எந்த இடத்தில் முழிக்கும் என்பதைத்தான் இன்றைக்குக் கதைக்க வந்திருக்கிறேன்.

காங்கேசன்துறை வீதியின் இருபக்கமும் இப்போது வீட்டுக்குள்ளேயே ஸ்ரூடியோ வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு அறை, ஒரு லப்டொப், ஒரு மைக், சுவர் நிறைய முட்டை மட்டை. குறும்படத்துக்கு இசை, கோயிலுக்குப் பக்திப் பாட்டு, கலியாண வீடியோவுக்கு ஒரு மெட்டு. அவர்களில் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, ட்றம் மெசின் ஒன்று எடுக்கப் போறன், எது நல்லது?" இந்தக் கேள்விக்கு நான் திருப்பிக் கேட்கும் கேள்வி: "நீ எந்தத் தாளத்திலை பாட்டுப் போடுறாய்?" அநேகமாக அதற்குப் பதில் வராது. சத்தம் எப்படி, விலை எப்படி, லைற் எத்தனை நிறம் என்று எல்லாம் பார்த்திருப்பார்கள். தாளத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் ஒரு பழைய கதை. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கறண்ட் நின்று, பிறகு வருடக்கணக்காக இருட்டில் இருந்தோம். அந்தக் காலத்தில் பாட்டுக் கேட்ட விதத்தை இங்கே நாற்பது தாண்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரயரில் முட்டவைத்து, ஒரு டயோட்டைப் போட்டு, வயரை றேடியோவுக்குக் கொடுப்போம். பெடலைக் கையால் சுற்ற ஒருவர், கேட்க பத்துப் பேர். எங்கள் வீட்டில் சுற்றுவது என் அண்ணை. றேடியோ கேட்கும்போது அவர் களைத்தால் சத்தம் குறையும், அவ்வளவுதான். கசற் போட்டால் கதை வேறு. அவர் களைக்கப் பாட்டும் களைக்கும். பாடகரின் குரல் இரண்டு சுருதி கீழே இறங்கி, மிருதங்கம் மாட்டு வண்டி போல உருளும். "அண்ணை, சுற்று!" என்று ஒருவர் கத்த, பாட்டு எழும்பி ஓடும்.

சீக்குவென்சர் என்ற சொல்லை விளங்கப்படுத்த எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. ட்றம் மெசின் சத்தம் போடும் பெட்டி. சீக்குவென்சர் என்பது, எந்தச் சத்தம் எந்த நேரத்தில் வரவேண்டும் என்று மற்றப் பெட்டிகளுக்குச் சொல்லும் பெட்டி. தனக்கென்று குரல் இல்லாத சீக்குவென்சர்கள் நிறைய உண்டு. பல ட்றம் மெசின்களில் இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகளைப் பூட்டினால் ஒருவர் சுற்ற வேண்டும், மற்றவர்கள் அவருக்குப் பின்னால் போக வேண்டும். இரண்டு பேர் சுற்றினால் கசற் நாடா சிக்கும்.

அந்தச் சுற்றுக்கு உலகம் முழுக்க ஒரு பொது மொழி இருக்கிறது: மிடி. 1983 தை மாதம் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்குவென்ஷியல் கம்பனியின் புரொபெற்-600 கீபோர்ட்டையும் ரோலண்ட் கம்பனியின் ஜூபிற்றர்-6 கீபோர்ட்டையும் ஒரே வயரில் பூட்டிக் காட்டினார்கள். வேறு வேறு நாட்டுக் கம்பனிகள் ஒன்றின் பேச்சை மற்றொன்று விளங்கிக்கொண்டன. நாற்பது வருடம் தாண்டியும் அந்த ஐந்து ஊசி வயர் இன்னும் உயிரோடு இருக்கிறது. மிடியில் ஒரு அடிக்கு 24 துடிப்பு. பெடல் ஒரு சுற்று வருவதற்குள் 24 தரம் "ரிக்" என்று சொல்வது போல.

இப்போது தாளம் படித்த பிள்ளைகள் காதைத் தீட்டுங்கள். 24ஐ நாலால் பிரிக்கலாம்: சதுஸ்ரம். மூன்றால் பிரிக்கலாம்: திஸ்ரம். ஐந்தால் பிரிக்க ஏலாது, ஏழாலும் ஏலாது. கண்ட நடைக்கும் மிஸ்ர நடைக்கும் அந்தத் துடிப்பில் நேரான இடம் இல்லை. செய்தவர்கள் மேல் குற்றம் இல்லை; அவர்களுக்குத் தேவைப்பட்ட இசைக்கு 24 தாராளம். நல்ல பெட்டிகள் இரண்டு துடிப்புக்கு நடுவில் தாமாகக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். ஆனால் நீங்கள் வாங்கும் பொருள் யாருடைய எண்ணிக்கையில் பிறந்தது என்று தெரிந்து வாங்க வேண்டும்.

பிறந்த இடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரோலண்ட் ரி.ஆர்.-808 என்ற ஜப்பான் பெட்டி 1980இல் வந்தது. இந்த வகைப் பெட்டிகளுக்கெல்லாம் பாட்டன் என்று சொல்லலாம். அதன் கீழ்வரிசையில் 16 பொத்தான், ஒவ்வொன்றும் ஒரு ஸ்ரெப். நாலு சிவப்பு, நாலு செம்மஞ்சள், நாலு மஞ்சள், நாலு வெள்ளை. வாய் திறக்காமலே தகதிமி, தகதிமி, தகதிமி, தகதிமி என்கிறது. அதே வருடம் அமெரிக்காவில் றொஜர் லின் என்பவர் உண்மையான ட்றம் சத்தங்களைப் பதிந்து வைத்த எல்.எம்.-1 ஐ ஏறத்தாழ 5000 டொலருக்கு விற்றார். 808இன் விலை 1195 டொலர். அதன் சத்தம் உண்மையான ட்றம் போல இல்லை என்று பலர் ஒதுக்க, ஏறத்தாழ 12,000 பெட்டிகளோடு 1983இல் உற்பத்தியை நிற்பாட்டினார்கள். பிறகு அடகுக் கடையில் மலிவாகக் கிடந்ததை வாங்கிய பிள்ளைகள் அதிலேயே ஹிப் ஹொப்பும் ரெக்னோவும் கட்டினார்கள். இன்றைக்கு ஒரு அசல் 808 வாங்கும் காசுக்கு இங்கே நல்ல மோட்டார் சைக்கிள் எடுக்கலாம். எடுக்க வேண்டியது மோட்டார் சைக்கிள் என்பது என் கட்சி. அந்தச் சத்தம் வேண்டுமென்றால் அதைப் போலச் செய்த சின்னப் பெட்டிகள் நிறைய இருக்கின்றன.

16 பொத்தானில் எங்கள் தாளங்கள் கொள்ளுமா? கொள்ளும், ஒரு நிபந்தனையோடு. சுற்றை எந்த ஸ்ரெப்பில் முடிப்பது என்று நீங்கள் சொல்ல அந்தப் பெட்டி விட வேண்டும். கடையில் "லாஸ்ற் ஸ்ரெப் மாற்றலாமோ?" என்று கேளுங்கள். மாற்றலாம் என்றால் கணக்கு இப்படி: மிஸ்ர சாபு ஏழு, ஒவ்வொன்றையும் இரண்டாக எடுத்தால் 14 ஸ்ரெப். கண்ட சாபு 10. ரூபகத்தை மூன்று அடியாக எடுத்தால் 12. ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் காலத்துப் பொப் பாட்டுப் போல ஒரு பைலா அடி வேண்டுமென்றாலும் 12தான். கோர்க் கம்பனியின் வொல்கா பீற்ஸ் என்று உள்ளங்கை இரண்டளவு பெட்டி ஒன்று 2013இல் வந்தது. அதில் வேண்டாத ஸ்ரெப்பை அணைத்துவிட்டால் அதைத் தாண்டிப் போய்விடும். கடைசி இரண்டை அணைத்தால், அந்தா மிஸ்ர சாபு. விலை குறைந்த பெட்டி என்று ஏளனமாகப் பார்க்காதீர்கள்.

நடை மாறும்போதுதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஆதி தாளம், கண்ட நடை வேண்டும். பெட்டியோ அடிக்கு நாலு ஸ்ரெப்தான் தருவேன் என்கிறது. ஐந்து பேரை நாலு கதிரையில் இருத்த ஏலாது. வழி என்ன? கதிரையின் பெயரை மாற்றுவது. பெட்டி எதை "அடி" என்று நினைக்கிறதோ நினைத்துக்கொண்டு போகட்டும். நாங்கள் ஸ்ரெப்பை மட்டும் எண்ணுவோம். உங்கள் பாட்டு நிமிடத்துக்கு 60 அடி. கண்ட நடையில் நிமிடத்துக்கு 300 ஸ்ரெப் வேண்டும். பெட்டி நாலு ஸ்ரெப்பை ஒரு அடி என்று எண்ணுவதால் 300ஐ நாலால் பிரியுங்கள்: 75. திரையில் 75 என்று வையுங்கள், காதில் 60இல் கண்ட நடை ஓடும். மிஸ்ர நடைக்கு 60ஐ ஏழால் பெருக்கி நாலால் பிரிக்க 105. திஸ்ரத்துக்கு 45. கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள், கடைக்காரர் இதைச் சொல்லித் தரமாட்டார்.

அடுத்தது நீளம். ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் கண்ட நடையில் 40 ஸ்ரெப், மிஸ்ர நடையில் 56. இப்போது வரும் நடுத்தரப் பெட்டிகளில் அநேகமானவை 64 ஸ்ரெப் தருகின்றன. இரண்டும் வசதியாக அடங்கும். சங்கீர்ண நடை 72, அங்கே வழிந்துவிடும். 36 ஆக இரண்டு சுற்றுச் செய்து கோர்க்க வேண்டும், அல்லது 128 ஸ்ரெப் தரும் பெட்டி எடுக்க வேண்டும். சங்கீர்ண நடையில் பாட்டுப் போடுபவர் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. அதற்காக இரட்டிப்புக் காசு கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

காசு கொடுக்கத் தகுந்த வசதி வேறொன்று. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி நீளம். தவில் ஏழில் சுற்ற, சேகண்டி எட்டில் சுற்றினால் 56இல் இரண்டும் ஒன்றாகச் சமத்தில் வந்து விழும். மேளச் சமா கேட்டு வளர்ந்த ஊர் இது. கோர்வை போய் விழும் இடத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எங்களுக்குப் பழக்கம். ஆர்ட்டூரியாவின் ட்றம்புறூற் இம்பக்ற், எலெக்ட்ரோன் கம்பனியின் மொடல் சாம்பிள்ஸ், டிஜிரக்ற் போன்றவற்றில் இதைச் செய்யலாம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு மூன்று கீபோர்ட் வைத்திருப்பவருக்குச் சத்தம் போடாத சீக்குவென்சர் போதும். ஆர்ட்டூரியா 2015இல் கொண்டுவந்த பீற்ஸ்ரெப் புறோ இன்னும் பாவித்த நிலையில் கிடைக்கிறது. மெட்டுக்கு இரண்டு வரிசை, ட்றம்முக்கு ஒன்று, 64 ஸ்ரெப்.

ஸ்விங் என்று ஒரு திருகியும் இருக்கும். இரண்டாவது, நாலாவது ஸ்ரெப்பைச் சற்றுப் பிந்த வைப்பது. றொஜர் லின் தன் பெட்டியில் வைத்துப் புகழ்பெற்ற விசயம். 50 என்றால் நேர், 66க்குப் போனால் ஏறத்தாழத் திஸ்ரம். கடையில் நீளத்தை ஏழில் வைத்து ஸ்விங்கை ஏற்றிக் கேளுங்கள். ஒற்றைப்படை நீளத்தில் சில பெட்டிகள் சுற்று முடியும் இடத்தில் நொண்டும். சில நேரம் அந்த நொண்டலே வடிவாக இருக்கும், அது வேறு.

இந்தப் பெட்டிகளை எங்கள் பக்கத்து இசைக்கு முதலில் திருப்பியவர்களில் ஒருவரைச் சொல்ல வேண்டும். பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982இல் 808ஐயும், ரி.பி.-303 என்ற பேஸ் சீக்குவென்சரையும், ஜூபிற்றர்-8 கீபோர்ட்டையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ அடிக்குப் பதிவு செய்தார். அப்போது அந்த இசைத்தட்டை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010இல் திரும்ப வெளிவந்தபோது, சிக்காகோவில் அசிட் ஹவுஸ் பிறப்பதற்கு முன்னமே இவர் அந்தச் சத்தத்தைப் பிடித்துவிட்டாரே என்று வெளிநாட்டார் வியந்தார்கள். எனக்கும் அவர் மேல் பெரிய மரியாதை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. ராகத்தைப் பெட்டிக்குள் கொண்டுபோனவர் தாளத்தை வாசலிலேயே விட்டுவிட்டார். பத்து ராகத்துக்கும் ஒரே டிஸ்கோ நாலு. மறுபக்கத்தில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண், புல்லாங்குழல் வாசிக்கும் பொறியியலாளர், 1979இல் மின்னணுத் தம்புராவைச் செய்தார். பிறகு அவருடைய ராடெல் கம்பனியிலிருந்து தாளமாலா வந்தது. அதற்குள் தாளங்கள் இருந்தன, ஆனால் எல்லாம் அவர் வைத்தபடி. சாதகத்துக்கு அருமை. பாட்டுக் கட்டுபவர் கை வைக்க அங்கே இடம் குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் வெளியில்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.

இனி தவில். கொக்குவிலுக்குக் கிட்டத்தான் இணுவில். தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1933இல் பிறந்த மண். அங்கிருந்து ஒரு தவில்காரத் தம்பியை வீட்டுக்குக் கூப்பிட்டேன், ஒவ்வொரு சொல்லாகப் பதிந்து பெட்டிக்குள் போடலாம் என்று. என் அறை பத்தடிக்குப் பத்தடி. அவர் விரல்களில் கூடு மாட்டி, வலந்தலையில் ஒரு அடி அடித்தார். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்தது, யன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மனைவி குசினியிலிருந்து ஓடி வந்தார். தவில் கோயில் வீதிக்குச் செய்த வாத்தியம், அறைக்குச் செய்ததல்ல. விறாந்தைக்கு மாறி, மைக்கை ஆறடி தள்ளி வைத்தோம். அங்கே காகம். காகம் ஓய்ந்தால் கொக்குவில் ஸ்ரேசனுக்கு வரும் றெயிலின் கூவல். ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

"தம்பி, இப்ப அடிச்ச 'தா'வை அப்பிடியே இன்னொருக்கா அடியும்" என்றேன்.

அவர் சிரித்தார். "அப்பிடியே எண்டா ஏலாதண்ணை. இன்னொரு 'தா' வேணுமெண்டா அடிக்கிறன்."

அதைக் கேட்டு, ஒவ்வொரு சொல்லையும் ஆறு ஆறு தரம் பதிந்தேன். நல்லதாகப் போயிற்று. ஒரே பதிவை, அதாவது ஒரே சாம்பிளை, பதினாலு ஸ்ரெப்பிலும் போட்டால் தவில் தகரத்தில் கல் மழை பெய்வது போல ஆகிவிடும். ஆறையும் மாற்றி மாற்றி எடுக்கச் சொன்னால்தான் மேளம் போலக் கேட்கும். ஆகவே சாம்பிள் பெட்டி வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை ஆயிரம் சத்தம் உள்ளே இருக்கு?" என்பது அல்ல. நான் பதிந்ததை உள்ளே ஏற்றலாமா, ஸ்ரெப்புக்கு ஸ்ரெப் சாம்பிளை மாற்றலாமா என்று கேளுங்கள்.

பிறகு சுற்றை ஓடவிட்டுக் காட்டினேன். தகிட தகதிமி, சரியாகத்தான் எண்ணுகிறது. அவர் முகம் சுளித்தார். "தொப்பியையும் வலந்தலையையும் ஒண்டாத் தூக்கிறியள்" என்றார். பார்த்தால் அவர் சொன்னதுதான். நான் பாவித்த பெட்டியில் அழுத்தம் கொடுத்தால் அந்த ஸ்ரெப்பில் இருக்கும் எல்லாச் சத்தமும் சேர்ந்து உயரும். பழைய 808உம் இப்படித்தான். தவிலில் வலக்கை விரல் மெல்லப் பொரிய, இடக்கைக் கம்பு தனியாகக் குத்தும். இரண்டு கையும் இரண்டு மனிதர். ஆகவே ஒவ்வொரு சத்தத்துக்கும், ஒவ்வொரு ஸ்ரெப்புக்கும் தனி அழுத்தம் வைக்க விடும் பெட்டி வேண்டும். கடைகளில் இதை வெலொசிற்றி என்பார்கள். அந்தத் தம்பி சொல்லாவிட்டால் எனக்கு இது பிடிபட்டிராது. பெட்டி வாங்க முன் ஒரு தவில்காரரையோ மிருதங்கம் வாசிப்பவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

கறண்ட் விசயம். இதில் எனக்கு ஒரு வெட்கக்கேடு உண்டு. எங்களுக்குப் பெட்டிகள் அநேகமாகக் கடையால் வருவதில்லை, சூட்கேசால் வருகின்றன. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போன பிறகு அது இன்னும் கூடிவிட்டது. ரொறொன்ரோவிலிருந்து வந்த சித்தப்பா பழைய ட்றம் மெசின் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார், கனமான அடப்ரரோடு. ஆவலில் செருகினேன். மூன்று வினாடியில் றபர் எரியும் மணம். பிறகுதான் அடப்ரரின் அடியில் எழுதியிருந்ததை வாசித்தேன்: 120 வோல்ற். எங்கள் சுவரில் 230. கனடாச் சுவருக்குச் செய்ததை இங்கே செருகினால் இதுதான் நடக்கும். பாரம் குறைந்த புதிய அடப்ரர்களில் 100–240 என்று இருக்கும், அவை பயமில்லை. வேறு அடப்ரர் வாங்கும்போது வோல்ற்றை மட்டும் பார்த்தால் போதாது. நடு ஊசி நேரா மறையா என்று ஒரு சின்னப் படம் பெட்டியின் பின்னால் இருக்கும். கம்பனிக்குக் கம்பனி அது மாறும்.

பக்கத்து வீட்டில் கிணற்று மோட்டர் போட்டால் எங்கள் பல்ப் ஒருமுறை கண் சிமிட்டும். அந்தச் சிமிட்டில் சில பெட்டிகள் நின்று திரும்ப எழும்பும், சேமிக்காத சுற்று போய்விடும். சுற்றுச் செய்ததும் சேமியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் வயரைக் கழற்றுங்கள். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டியபோது என் வீட்டில் ஓடிய ஒரே பெட்டி அந்தச் சின்ன வொல்காதான், ஆறு பென்ரோச் பற்றரியில். லப்டொப் படுத்துவிட்டது.

"லப்டொப்பிலை எல்லாம் இருக்கே, பெட்டி எதுக்கு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வருகிறது. கையில் ஒன்றும் இல்லாதவர் பெட்டிக்காகக் கடன்படாதீர்கள், போனில் இலவசமாகக் கிடைப்பதில் தொடங்குங்கள். எனக்குப் பெட்டி பிடிப்பது ஒரு சின்னக் காரணத்தால்: அதில் பேஸ்புக் இல்லை. பெட்டிக்கு முன்னால் இருந்தால் இரண்டு மணித்தியாலம் ஒரே சுற்றோடு இருப்பேன்.

இனி இதை ஓடவிடுகிறேன். நீளம் 14, வேகம் 105. அந்த இணுவில் தம்பி தவிலோடு வந்து பின்னால் நிற்கிறார், மேடைக்கு வாரும். யன்னல்களைத் திறந்துவிடுங்கள், கண்ணாடி அதிரும். நீங்கள் தொடையில் தாளம் போடுங்கள். இரண்டு சுற்றுக்கு அவர் பெட்டியோடு போவார். மூன்றாவதில் நான் பெட்டியை நிற்பாட்டுவேன், அவர் நிற்பாட்ட மாட்டார்.